போர்டிங்குக்கு முன்னாடி ஒரு பர்கர்: வரிசையும் வயிறும்

நம்மில் பலருக்கு முதல் விமானப் பயணமே வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் அமையும். மறுநாள் காலை புனேயிலோ குர்கானிலோ ரிப்போர்ட் பண்ணணும். செக்யூரிட்டி முடிஞ்சு உள்ளே போனா எதிரே பர்கர் கடை. பசி வேற. சாப்பிடலாமா? தாராளமா. ஆனா நாம பொறியியல் படிக்கிறவங்க. ரெண்டு சூத்திரத்தைப் போட்டுப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணுவோம்.

முதல் சூத்திரம்: லிட்டில் விதி

1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது. ரொம்ப எளிமையானது: காத்திருப்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் முடியும் ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், காத்திருக்க வேண்டிய நேரம் கிடைக்கும்.

உங்களையும் சேர்த்து 12 பேர் இருக்காங்க, மூணு நிமிஷத்துக்கு ரெண்டு ஆர்டர் வெளியே வருதுன்னு வைங்க. காத்திருப்பு 18 நிமிஷம். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க: பணம் கட்ட நிற்கும் வரிசையை மட்டும் எண்ணுவாங்க. பில்லைக் கையில் வெச்சுக்கிட்டு ஓரமா நிக்கிற கூட்டத்தையும் சேர்த்து எண்ணணும்.

இப்போ பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. விமானம் மாலை 6.00 மணிக்கு. உள்நாட்டு விமானங்களில் பொதுவா 25 நிமிஷம் முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க, அதாவது 5.35. கேட்டுக்கு நடக்க 10, சாப்பிட 15, காத்திருக்க 18. மொத்தம் 43 நிமிஷம். 4.52-க்கு நீங்க வரிசையில் நின்னிருக்கணும். 5.05-க்குத்தான் கடைக்கு வந்தீங்களா? பர்கரைப் பார்சல் வாங்கிட்டு நடையைக் கட்டுங்க. இன்னும் தாமதமா? பிஸ்கட் பாக்கெட் போதும். பர்கர் எங்கேயும் கிடைக்கும், அந்த விமானம் திரும்ப வராது.

இரண்டாவது சூத்திரம்: பாயில் விதி

வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் கனஅளவு கூடும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். 8,000 அடியில் ஏறக்குறைய 75. வகுத்துப் பாருங்க: 1.35. சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்புவது இதனால்தான். உங்க வயிற்றில் இருக்கும் காற்றுக்கும் அதே விதிதான். தரையில் குடிச்ச கோலாவின் வாயு மேலே போனதும் இடம் கேட்கும். பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் அது சுகமான அனுபவம் இல்லை.

அதனால காம்போவில் கோலாவுக்குப் பதிலா தண்ணீர் கேளுங்க. கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். உப்பு தூவின பிரெஞ்ச் பிரைஸ் தாகத்தை இன்னும் கூட்டும். காலி பாட்டிலைக் கொண்டுபோய், செக்யூரிட்டி தாண்டினதும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கலாம்; காசும் மிச்சம்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைக்காரர் வாடகையோ விற்பனையில் ஒரு பங்கோ விமான நிலையத்துக்குக் கட்டணும்; உள்ளே போகும் ஒவ்வொரு பெட்டியும் சோதனை தாண்டணும். எல்லாம் சேர்ந்துதான் உங்க பில். அது கட்டுப்படியாகலைன்னா, பொடி தடவின இட்லியை வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போங்க. அதுக்கு வரிசையே கிடையாது. சாம்பாரை மட்டும் வீட்டிலேயே விட்டுடுங்க. திரவம்னா செக்யூரிட்டியில் கேள்வி வரும்.