பத்தா, பதினொன்றா, இல்லை வேறா?

விண்டோஸ் 10 ஓடும் கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால், "இது இனிமே தேறாது சார், புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். வீட்டில் கணினி தெரிந்த பையனைக் கேட்டால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும்?" என்பான். இரண்டு பேருமே அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்பதில்லை. ஒரே மாடல், ஒரே வயதில் இரண்டு கணினிகள் இருக்கலாம். ஒன்றில் நெட் பேங்கிங் நடக்கிறது, மற்றொன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குத் தயாராகிறது என்றால் இரண்டுக்கும் விடை வேறு.

நடந்தது இதுதான். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றைக்கு எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்தான் நின்றது. செவ்வாய்க்கிழமை அப்டேட் இன்னும் வருகிறது, ஆனால் விண்டோஸ் 11க்கு. வில்லங்கமே அதில்தான். இரண்டு பதிப்புகளும் பெருமளவு ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்பவை. பதினொன்றில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பவனுக்கு, பத்தில் எந்த ஓட்டை திறந்தே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவலாளி. பாதுகாப்பு அப்டேட் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கும் கொத்தனார். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்ட வானாக்ரை, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே பரவியது. ஒரு அலுவலகத்தில் ஒரு கணினிக்குள் நுழைந்தால் போதும், ஃபைல் பகிர்வதற்கான வழியாகவே பக்கத்துக் கணினிகளுக்குத் தாவிவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. அதைப் போட்டிருந்த கணினிகள் அந்த வழியில் விழவில்லை. ஆகவே அப்டேட் இல்லாத கணினியால் வரும் ஆபத்து அதோடு நிற்பதில்லை. அதே வைஃபையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும் செய்தியும் உண்டு. எட்ஜ் பிரவுசருக்கும், டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் அடையாளப் பட்டியலுக்கும், மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளின் பாதுகாப்புக்கும் விண்டோஸ் 10இல் 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. குரோமும் சட்டென்று கைவிடாது என்றே நினைக்கிறேன். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தும், குரோம் அதை விட்டது 2023 பிப்ரவரியில்தான். ஆக, நாளைக்கே பிரவுசர் திறக்காது என்று யாராவது பயமுறுத்திப் புதுக் கணினி விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம். ஆபீஸ் 2016, 2019 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றின் ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

பணம், வரி, வாடிக்கையாளர் விவரம் இவை புழங்கும் கணினி, பதினொன்றுக்குத் தகுதியும் உடையது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாறிவிடுங்கள். அசல் விண்டோஸ் 10 உரிமம் இருந்தால் மாறுவது இலவசம். பதினொன்றில் மயங்கும்படி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைத்துப் பழகியவர்களுக்கு, 2021இல் வந்த இந்தப் பதிப்பு அந்த வசதியைப் பறித்துவிட்டது. ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் பாதி விஷயத்துக்கு இன்னொரு கிளிக் வேண்டும். அழகுக்காக மாறுகிறவர்கள் ஏமாறுவார்கள். மாதாமாதம் வரும் அந்த அப்டேட்டுக்காகத்தான் மாறுவது.

தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை மைக்ரோசாஃப்டே தருகிறது. அது 'இல்லை' என்றால் உடனே மனம் தளர வேண்டாம். எதற்காக இல்லை என்கிறது என்று பாருங்கள். நான்கு ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0, பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை முக்கிய நிபந்தனைகள். டிபிஎம் இல்லை என்று காட்டும் கணினிகள் பலவற்றில் அது இருக்கும், பயாஸில் அணைந்திருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருப்பார்கள், இயக்கிவிட்டால் தீர்ந்தது. பிராசஸர்தான் காரணம் என்றால் அதற்கு வைத்தியம் இல்லை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள், ஏழாவதில் ஓரிரு விதிவிலக்குகள் தவிர. ஐ5-8250யு என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த 8தான் தலைமுறை. ஐ5-7200யு ஏழாவது, தேறாது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் லேப்டாப்பில் வரும் ரைசன் 5 2500யு அந்தப் பெயரில் இருந்தும் பட்டியலில் இல்லை.

நான்கு ஜிபி ராம் போதும் என்பது காகிதக் கணக்கு. எட்டு இல்லாமல் பதினொன்றைப் போட்டால் பிரவுசரில் பத்து டேப் திறந்ததுமே திணறும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் போடவே போடாதீர்கள். முதலில் எஸ்எஸ்டி. சொல்லப்போனால், "கணினி ஸ்லோவா இருக்கு, விண்டோஸ் மாத்தணும்" என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தேவை எஸ்எஸ்டிதான், இயங்குதளம் இல்லை.

தகுதி இருந்தும் தயங்க வேண்டியவர்கள் உண்டு. கணினியைவிட அதோடு இணைந்த பொருள்கள் பழையவை என்றால் தயங்கத்தான் வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் உண்டு. பதினொன்றில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் இயங்கினால், அதற்கு ஒத்துவராத பழைய டிரைவர்களைக் கணினி உள்ளேயே விடாது. பதினொன்றுக்கு 32 பிட் பதிப்பு கிடையாது என்பது இன்னொன்று. 32 பிட் செயலிகள் ஓடும்; ஆனால் 32 பிட் விண்டோஸ் 10இல் இத்தனை நாள் ஓடிய 16 பிட் செயலிகளும் பழைய டாஸ் பில்லிங் நிரல்களும் நின்றுபோகும். 32 பிட் விண்டோஸிலிருந்து நேரடியாக மேம்படுத்தவும் முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

டிடிபி கடைகளின் கதை தனி. அடோபி பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். இன்றும் எத்தனையோ அச்சகங்களில் பத்திரிகையும் போஸ்டரும் அதில்தான், யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களோடு, பழைய தட்டச்சுச் செயலிகளோடு. பதினொன்றில் அது ஓடவும் கூடும், முரண்டும் பிடிக்கலாம். அடுத்த கடையில் ஓடுகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவர் பிரிண்டர் வேறு, ஃபான்ட் வேறு. இப்படிப்பட்ட இடங்களில் நான் சொல்வது ஒன்றுதான்: புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே அதில் குளோன் செய்து, அந்தப் பிரதியில் மட்டும் பதினொன்றை ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். சோதனையில் ஏதாவது சொதப்பினால் பத்து நிமிடத்தில் பழையபடி மாட்டிவிடலாம். எஸ்எஸ்டிக்குக் கொடுத்த காசும் வீணில்லை.

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே வருகிறது. யூனிகோடில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு வேறு செயலியே தேவைப்படாது.

இனி தகுதி இல்லாத கணினிகள். இங்கேதான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, அவகாசம் வாங்குவது. இஎஸ்யு எனப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் வீட்டுக் கணினிகள் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் பெறலாம். 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் மூலம் இணையத்தில் சேமித்து இலவசமாகவே பெறலாம். இலவச வழியில் ஒரு வழுக்கல்: பேக்கப் என்று சம்மதித்ததும் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குப் போகத் தொடங்கும். அங்கே இலவச இடம் ஐந்தே ஜிபி. குழந்தையின் காதுகுத்து வீடியோ ஒன்றே அதை நிரப்பிவிடும். அமைப்புகளை மட்டும் சேமித்து, ஃபோல்டர்களை அணைத்துவிடுங்கள். நிறுவனங்களுக்கான கணக்கு வேறு. முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு, மொத்தம் மூன்று ஆண்டுகள் வரை. மூன்றாம் ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் எந்தக் கணக்குப்பிள்ளையும் இந்த வழியை நீளமாகப் பிடித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் வழியைக் கடைக்காரர்கள் விரும்பிச் செய்கிறார்கள். ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டிப் பதினொன்றை ஏற்றிவிடுவது. ஓடுகிறது, உண்மைதான். ஆனால் இத்தகைய கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைத் திரும்பத் திரும்பக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். 2024இல் வந்த 24எச்2, கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் தொடங்கவே மறுத்துவிட்டது. தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் செய்யலாம். ஊரில் இருக்கும் அப்பாவின் கணினியில் இதைச் செய்துவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறுவது சரியில்லை.

அந்த அப்பாவுக்கு என் தேர்வு லினக்ஸ். செய்தி படிப்பது, யூடியூப், மின்கட்டணம், பேரனோடு வீடியோ கால் என்று எல்லாமே பிரவுசருக்குள் முடிகிற ஆளுக்கு லினக்ஸ் மின்ட் போதும். முகப்பு விண்டோஸ் மாதிரியே இருக்கும், பழைய லேப்டாப்பிலும் சுறுசுறுப்பாக ஓடும், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு. தமிழ் 99 அங்கும் உண்டு. பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் ஒலியும் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் டேலி, பேஜ்மேக்கர், போட்டோஷாப் என்று சோறு போடும் செயலி விண்டோஸில்தான் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்று சொல்கிறவர், கணக்கு முடிக்கும் நாளில் உங்கள் அருகில் இருக்க மாட்டார்.

இன்னொன்று, இணையத்தைப் பிடுங்கிவிடுவது. இதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். பேஜ்மேக்கர் மட்டும் ஓடும் கணினிக்கு வைஃபை எதற்கு? இணையம் இல்லை, அலுவலக நெட்வொர்க்கிலும் இல்லை, ஃபைல்கள் பென்டிரைவில் மட்டும் வரும், அந்தப் பென்டிரைவும் முதலில் வேறு கணினியில் ஸ்கேன் ஆகும் என்றால் விண்டோஸ் 10 இன்னும் பல ஆண்டுகள் அங்கே உழைக்கும். அந்தக் கணினியிலேயே வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோவை இறக்குகிற நாளில் இந்த ஏற்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், புதுசு மட்டும்தான் என்றில்லை. ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் அலுவலகங்கள் கழித்த லேப்டாப்கள் கிடைக்கின்றன. அங்கே ஒரு நம்பரில் ஏமாறுவார்கள். லெனோவோ திங்க்பேட் டி470, டெல் லாட்டிடியூட் 7480 இரண்டும் ஆறாம், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவை. பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும் டி480, 7490இல் எட்டாம் தலைமுறை கிடைக்கும். கடையில் பதினொன்று ஏற்றி ஜொலிக்க வைத்திருப்பார்கள், அது சாட்சியாகாது. பிராசஸர் எண்ணைத் திறந்து பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால், எப்போது என்பதும் முக்கியம். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் மாதத்தின் இருபதாம் தேதி நெருங்கும்போது தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு ஆடியோ மார்கழியோ வசதி. டேலி டேட்டா, ஃபான்ட் ஃபோல்டர், அவுட்லுக் ஃபைல் ஆகியவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்து, அதைத் திறந்தும் பாருங்கள். கணினி யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்றும் பாருங்கள். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு அமைத்துத் தந்திருந்தால் உடனே மாற்றுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பயாஸைத் தொட்டதும் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கக்கூடும். அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் 'கோ பேக்' கொடுத்துத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. எனவே முதல் நாளே ஒரு பில் அடித்து, டோக்கனில் ஒரு கையெழுத்துப் போட்டு, ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிட்டால் அந்தப் பத்து நாளும் போச்சு.