ஈ.எஸ்.ஐ. இருக்கும்போது முதலமைச்சர் காப்பீடு எதற்கு?

கேள்வி: உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி நான். மாதம் 18,000 ரூபாய்; ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வருமானம் அதிகம் என்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தர மறுக்கிறார்கள். இது நியாயமா?
– ஒரு வாசகர், தண்டலம்

பதில்: முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்; உங்களுக்கு 2,16,000 வருகிறது. விதிப்படி சரிதான். அதற்காக நீங்கள் ஏமாந்துவிடவில்லை. அந்த அட்டைக்கான பிரீமியத்தை அரசு கட்டுகிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு அது உதவாது. ஈ.எஸ்.ஐ. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. உங்களிடம் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய், முதலாளியிடம் 3.25 சதவீதம், 585 ரூபாய். இதற்கு மருந்தகத்தில் மாத்திரை முதல் அறுவை சிகிச்சை வரை உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்து. உடம்பு முடியாமல் படுத்தால், சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் வரும். எந்த அட்டையும் இதைத் தராது.

என் குறை வேறு. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யும் போய்விடும். 2017 முதல் அந்த வரம்பு அசையவில்லை; ஓவர்டைம் இல்லாமலே அதைத் தாண்டுகிறவர்கள் இரண்டு திட்டத்துக்கும் வெளியே நிற்கிறார்கள்.

 

ஒப்பந்ததாரர் பிடித்த பணத்தை உண்மையில் கட்டுகிறாரா? உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு இணையத்தில் பாருங்கள். கட்டவில்லையென்றால் பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கும் உண்டு.