டெக்கட்ரானுக்கு சர்க்யூட் கட்டப் போறீங்களா? அக்காவின் டிப்ஸ்

நியான் ஒளிப்புள்ளி வட்டத்தில் தாவித் தாவி எண்ணும் பழைய டெக்கட்ரான் ட்யூப் ஒன்று கைக்கு வந்ததும் உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க, தம்பி தங்கச்சிகளா. முதல் வேலை டேட்டாஷீட்டைத் தேடுவது. இங்கிலாந்தில் எரிக்சன் டெலிபோன்ஸ் செய்த ஜிசி10பி, சோவியத் நாட்டு ஓஜி-4 இரண்டுமே எட்டுக் கால் ஆக்டல் சாக்கெட்டில்தான் உட்காரும். அதை நம்பி ஒன்றின் கால் வரிசையை இன்னொன்றுக்குப் போட்டுவிடாதீங்க.

ஆனோடு ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு விநாடிகூட சப்ளை கொடுக்கக் கூடாது. பற்றிக்கொண்ட நியான் தானாகக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஜிசி10பிக்கு 475 வோல்ட், 820 கிலோஓம். ட்யூபில் சுமார் 190 வோல்ட் நிற்கும், மீதி 285 ரெசிஸ்டர் மேல் விழும், ஓடுவது 0.35 மில்லியாம்ப். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட் வரைதான் தாங்கும். அதனால் 390-உம் 430-உமாக இரண்டைத் தொடராகப் போடுங்க.

எல்லாரும் தடுமாறும் இடம் கைடு. வட்டத்தில் 30 கம்பிகள் நிற்கும்: 10 கேத்தோடு, ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் இரண்டிரண்டு கைடு. ஒளிப்புள்ளி கேத்தோடில் இருக்கும்போது முதல் கைடின் வோல்டேஜைக் கேத்தோடுக்குக் கீழே இறக்கினால் புள்ளி அதற்குத் தாவும். அடுத்து இரண்டாவது கைடு. இரண்டையும் விட்டால் அடுத்த எண்ணில் போய் நிற்கும். இந்த இரண்டு பல்ஸுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் புள்ளி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கோடு சரி, சால்டர் சரி, ஆனாலும் ஒரே இடத்தில் துடிக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்க. முதல் பல்ஸ் முடியும் முன்பே இரண்டாவது தொடங்கட்டும். வரிசையை மாற்றினால் எதிர்த்திசையில் சுழலும். கைடை இழுக்க 300 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர் போதும். ஜிசி10பி விநாடிக்கு 4,000 எண்ணிக்கை வரைதான் போகும், அவசரப்படுத்தாதீங்க.

வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்த ட்யூப் சில எண்களில் ஒட்டிக்கொள்ளும். என்னுடைய முதல் ட்யூப் நாலாம் எண்ணைத் தாண்டவே இல்லை. தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் ஓட விட்டேன்; மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. ஒரே எண்ணில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதற்குக் கெடுதல். பழைய ட்யூப்கள் மறுபடி ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1951-இன் ஹார்வெல் கணினியை 2012-இல் பிளெட்ச்லி பார்க்கில் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். அதில் 828 டெக்கட்ரான்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

கடைசியாக, சப்ளை. 450 வோல்ட் கெப்பாசிட்டர் 475-க்குப் பத்தாது. 10 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 470 கிலோஓம், அரை வாட் ரெசிஸ்டர் போடுங்க. வோல்டேஜைச் சமமாகப் பிரிப்பதும் அதுதான், அணைத்த பிறகு வடிப்பதும் அதுதான். சுவிட்சை அணைத்து முப்பது எண்ணுங்க. அதற்குப் பிறகும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. முள்ளோ எண்ணோ பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கை வைக்கணும்.