வீடு தேடும் முன்...

சொந்த வாகனம் இல்லாத குடும்பம் வீடு தேடும்போது வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. வழியையும் பார்க்க வேண்டும்.

நம் மாவட்ட வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இரயில் பாதையில் திருவள்ளூர். வடக்கே செல்லும் பாதையில் கும்மிடிப்பூண்டி. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் வெவ்வேறு இரயில் பாதைகளில் உள்ளன. பேசின் பாலம் சென்று வண்டி மாறலாம், இல்லையேல் பேருந்தில் செல்லலாம்.

எனவே காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்குத் திருவள்ளூர் ஏற்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரிபவருக்கு அது ஏற்றதன்று. தந்தைக்குச் சிப்காட்டில் வேலை, மகளுக்குச் சென்னையில் கல்லூரி என்றால், இடையிலுள்ள பொன்னேரியோ மீஞ்சூரோ இருவருக்கும் பொருந்தும். சீசன் டிக்கெட் செலவையும் குறைக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நிலையத்திற்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்? இரவு ஷிப்டு முடிந்ததும் வண்டி உண்டா? மழைக்காலத்திலும் இருட்டிய பின்னும் பெண்கள் அவ்வழியே அச்சமின்றி நடக்கலாமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். வழி சரியில்லை என்றால், பல வீடுகளில் முதலில் நிற்பது பெண்ணின் படிப்புதான். ஆகவே தோழியரே, வீட்டில் இப்பேச்சு எழும்போது நாமும் பணிவுடன் நம் கருத்தைச் சொல்வோம்.