‘பஹாம்?’ என்று கேட்கலாகாது



வாடிக்கைக்காரர் ஏழெட்டுச் சாமான்களை ஒரே மூச்சில் சொன்னதும், "பருப்பு இரண்டு கிலோ, சீனி ஒரு கிலோ, எண்ணெய் ஒரு போத்தல்" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளாத கடைக்காரர் நம்மில் யாரும் இரார். அப்படிப் பாராமல் பொட்டலம் கட்டினால் நஷ்டம் யாருக்கு என்பது நமக்குத் தெரியும். ஆனால் இதே நாம் கரும்பலகைக்கு முன் ஆசிரியராக நின்றதும், அந்தப் பழக்கத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் ரோஹிங்கியா மக்களைப் பாராத வியாபாரி இல்லை. செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் போனால் அவர்கள் பேச்சுத்தான் காதில் விழும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டுமே இந்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல். 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகையால் இவர்களில் பெரியவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் தொண்டர்கள் தலையில்தான் விழுகிறது. நம்மவர்களிலும் சிலர் கடை அடைத்தபின் இப்பணியில் இருக்கிறோம். ஆகவே இப்பாடம்.

சில காலத்துக்கு முன் நாம் நடத்திய வகுப்பில் மருந்து உறையை வாசிப்பது பாடம். ‘செபெலும் மக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன். ‘செலெபாஸ் மக்கான்’ என்றால் சாப்பாட்டுக்குப் பின். பலகையில் எழுதினோம், மும்முறை வாசித்தோம், "பஹாம்?" என்று கேட்டோம். "பஹாம், பஹாம்" என்று அத்தனை தலைகளும் ஆடின. நமக்கும் மகிழ்ச்சி. அந்த வாரமே அவர்களில் ஒரு பெரியவர், சர்க்கரை வியாதி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மூட்டை தூக்கப் போய், சந்தையில் மயங்கி விழுந்தார். உறையில் ‘செலெபாஸ் மக்கான்’ என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. குற்றம் அவருடையதன்று, நம்முடையது.

அவர் ஏன் தலையாட்டினார்? தம் மகன் வயதுப் பையன்கள் பக்கத்தில் இருக்க, தெரியவில்லை என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் நா எழாது. வாத்தியார் மனம் நோகக்கூடாது என்ற மரியாதையும் உண்டு. இதற்கெல்லாம் மேல், ஆயுள் முழுவதும் அதிகாரிகளுக்கு முன் நின்றே பழகியவருக்கு "ஆமாம்" என்பதுதான் ஆபத்தில்லாத வார்த்தை. ஆகையால் "புரிந்ததா?" என்ற கேள்வியையே நாம் விட்டுவிட்டோம். இப்போது ஒரு வெறுந்தட்டையும் மருந்து உறையையும் மேசைமேல் வைத்து, "அபாங், இதை வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். எது முதலில்?" என்று கேட்கிறோம். செய்து காட்டுகிறார். தவறினால் மறுபடி நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ‘லீமா பெலாஸ்’ என்ற பதினைந்தையும் ‘லீமா பூலோ’ என்ற ஐம்பதையும் குழப்பிக்கொள்வதும் இப்படித்தான் வெளிவரும். வெறும் தலையாட்டலில் ஒருநாளும் வெளிவராது.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியே பொறுக்கிறார்கள் என்றும், மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் கண்டார். அவர்கள் சொந்த மொழியில் படித்த பிள்ளைகள். அந்நிய மொழியில் தடுமாறும் பெரியவருக்குப் பத்து வினாடி கொடுத்தாலும் தகும் என்பது நம் அபிப்பிராயம். மௌனத்தைப் பொறுக்காமல் குரலை உயர்த்துவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினால் அர்த்தம் விளங்கிவிடாது.

நிற்க. மொழி வகுப்பென்றால் முதல் பாடம் பெரும்பாலும் குடும்பம்: தகப்பனார் பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை பேர் என்று. நமக்கு அது சாதாரணப் பேச்சு. 2017 முதல் ஏழு லட்சம் பேருக்கு மேல் ரக்கைன் மாநிலத்திலிருந்து வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் "பிள்ளைகள் எத்தனை?" என்ற கேள்வி எந்தப் புண்ணில் படும் என்று யார் கண்டது? விலை, பஸ், கிளினிக் என்று தொடங்குங்கள். குடும்பத்தை அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்து விஷயத்தில் நம்மிடம் ஒரு பழைய முதல் இருக்கிறது. பள்ளிக்கூடம் காணாதவர் என்று நாம் நினைக்கும் பலர் சிறுவயதில் மக்தபில் ஓதியவர்கள். ரூமி எழுத்துத்தான் தெரியாது, அரபு எழுத்துத் தெரியும். நம் முன்னோர் அரபு எழுத்துக்குப் புள்ளிகள் சேர்த்து அரபுத்தமிழ் எழுதினார்கள். மலாய்க்காரர்கள் அதேபோல் ச, ங, ப, க, வ, ஞ ஒலிகளுக்கு ஆறு எழுத்துகள் சேர்த்து ஜாவி ஆக்கினார்கள். அந்த ஆறையும் கற்றுக்கொண்டால் மலாய்ச் சொல்லை எழுத்துக்கூட்ட வழி திறந்துவிடும். பிறகு ரூமிக்கு வரலாம். கிதாப், குர்சி, துனியா போன்ற சொற்கள் அவர்கள் காதுக்கும் புதியவை அல்ல. புத்தகம் வாங்கப் பணமில்லையென்றால் கல்லாவிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுங்கள். ரூமியும் ஜாவியும் அதில் உண்டு. நம் வகுப்பில் மயங்கி விழுந்த அந்தப் பெரியவர் இந்நாட்டில் முதன்முதல் எழுத்துக்கூட்டி வாசித்தது ஐம்பது ரிங்கிட் நோட்டைத்தான். வாசித்து முடித்ததும், அதைத் திருப்பித் தராமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.