வராதவர்களை எண்ணுங்கள்



நொடித்துப்போன சங்கத்தைத் திருத்துவது எளிது. நஷ்டமே தலைவனைத் தட்டி எழுப்பிவிடும். நன்றாய் நடக்கிற ஸ்தாபனத்தை மாற்றுவதுதான் அரிது. "நன்றாய்த்தானே நடக்கிறது, இதில் ஏன் கை வைக்கவேண்டும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அப்படியானால், மாற்றவேண்டிய வேளை வந்துவிட்டதென்று தலைவன் எப்படி அறிவான்?

நம் ஒகேனக்கல் பரிசல்காரரைக் கவனியுங்கள். இங்கே வானம் தெளிவாயிருக்கும்போதே, குடகில் பெய்த மழை வெள்ளமாய் வந்து சேரும். நேற்றுப் பத்துமுறை சுகமாய்ப் போய்வந்தது இன்றைக்குச் சாட்சியாகாது. ஆகையால் அவர் தண்ணீரின் நிறத்தையும் வேகத்தையும் அன்றன்று பார்க்கிறார். ஸ்தாபனத் தலைவன் பார்க்கவேண்டிய தண்ணீர் எது? மதுரையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமந்தோறும் இலவச முகாம்கள் நடந்தன. கண்புரை நீக்கப்பெற்றவர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. ஏட்டைப் பார்த்தால் குறையொன்றுமில்லை.

ஆனால் அக்காலச் சிகிச்சையில், புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ, ஏழை மறுபடியும் பார்வையற்றவனே. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை இதற்குப் பரிகாரம். வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலையோ ஏழைக்கு எட்டாதது. எனவே 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, வில்லையைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அதன் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று.

இரண்டாவது மாற்றம் இன்னும் சிந்திக்கத்தக்கது. அரவிந்த் நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. முகாம் நடந்த கிராமங்களில், கண் கோளாறுள்ள பெரியவர்களில் அங்கே வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே என்று அது காட்டிற்று! முகாமில் கூட்டம் நிரம்பி வழிந்தது மெய்தான். வீட்டில் தங்கிவிட்டவர்களை எந்த ஏடும் காட்டவில்லை. சிகிச்சை இலவசமானாலும் பஸ் செலவுண்டு, கூலி நஷ்டமுண்டு, துணைக்கு ஆள் வேண்டும், பயமும் உண்டு. ஆகவே 2004 முதல் சிற்றூர்களிலேயே கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே சோதிக்க, நகரத்து வைத்தியர் கணினித் திரை வழியே நோயாளியோடு பேசுகிறார். இன்று அவை நூறுக்கும் மேல்.

இதில் நாம் கற்கும் பாடம் யாதெனில்: வந்தவர்களை எண்ணும் தலைவன் தன் வெற்றியை அறிவான், வராதவர்களை எண்ணும் தலைவனே மாற்றத்தின் வேளையை அறிவான். வந்தவர் வீடு திரும்பியபின் எப்படி இருக்கிறார் என்பதையும் விசாரிக்கவேண்டும். மாறியது வழிமுறை மட்டுமே என்பதையும் மறவாதீர்கள். ஏழையின் பார்வையைக் காப்பது என்ற நோக்கம் மாறவில்லை. நோக்கத்தையும் வழக்கத்தையும் ஒன்றென்று எண்ணுகிறவன், வழக்கத்தைக் காப்பாற்றப்போய் நோக்கத்தை இழந்துவிடுவான்.

வாலிபர் சங்கமோ, மாதர் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ நடத்துகிறவர்களே! அடுத்த கூட்டத்தில் வரவு செலவை வாசித்தபின் ஒரு தாளை எடுங்கள். நம்மிடம் வரவேண்டியவர்களாயிருந்தும் வராத பத்துப்பேரின் பெயரை எழுதுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். குறை சொன்னால் வாதாடாமல் கேட்டு வாருங்கள். எதை மாற்றவேண்டுமென்று அந்தப் பத்து வீடுகளே உங்களுக்குச் சொல்லும்.