பாடம் 7: நீங்கினார், நீக்கப்பட்டார்

பெங்களூரு மர்பி டவுனுக்கு அருகில் அல்சூர் ஏரி உள்ளது. ஏரியை ஒட்டிய பகுதியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் மையம் பரந்து கிடக்கின்றது. இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்த காலத்திலும் அதற்குப் பின்னரும் வட ஆற்காடு முதலிய இடங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். படைவீரர்களோடு இந்நகரில் வேரூன்றிய விளையாட்டுகளுள் ஒன்று ஹாக்கி. அதனைத் தமிழில் வளைகோற்பந்து என்பர். வீட்டில் எவரும் அவ்வாறு சொல்வதில்லை. எனினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நுனி வளைந்த கோலும் அதன் முன் உருளும் பந்தும் கண்முன் தோன்றிவிடுகின்றன.

ஓர் அணியில் பதினொருவர் களத்தில் இறங்குவர். பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பார். எவரை எப்பொழுது மாற்றுவது, பெனால்டி கார்னரை எவர் அடிப்பது, எதிரணியின் எந்த வீரரை விடாது பின்தொடர்வது ஆகியவற்றை அவர் முன்னரே திட்டமிடுகிறார். ஆட்டம் தொடங்கிய பின்பு அவர் ஒரு கோலும் அடிக்க இயலாது. ஒரு கோலையும் தடுக்க இயலாது. ஆயினும் தோல்வி வந்தால் முதலில் அவர் பெயரே பேசப்படுகின்றது.

2002ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலேசியாவின் கோலாலம்பூரில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. பதினாறு நாடுகள் பங்கேற்றன. இந்திய அணியின் பயிற்றுநர் செட்ரிக் டிசௌசா. அவர் புதியவர் அல்லர். 1994இல் சிட்னி உலகக் கோப்பையில் ஐந்தாம் இடம் பெற்ற அணியையும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடிய அணியையும் பயிற்றுவித்தவர் அவரே. கோலாலம்பூரில் தொடக்கமே சரியாக அமையவில்லை. ஜப்பானோடு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தென்கொரியாவிடமும் மலேசியாவிடமும் இந்தியா தோற்றது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். எஞ்சிய ஆட்டங்களுக்குச் சி.ஆர். குமார் பொறுப்பேற்றார். இந்தியா பத்தாம் இடத்தில் முடித்தது.

சம்மேளனத்தின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற நாடு தோற்கும்போது மக்கள் விடை கேட்பர். வீரர்கள் அனைவரையும் இடைவழியில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றிவிடலாம். ஆனால் புதிதாய்ப் பொறுப்பேற்பவருக்குக் கிடைப்பது அதே வீரர்களும் சில நாள்களுமே. அதற்குள் ஓர் அணியின் ஆட்டமுறையை மாற்றுவது எவர்க்கும் எளிதன்று.

தோற்றதனால்தான் பயிற்றுநர்கள் நீக்கப்படுகின்றனர் என எண்ணுவோர்க்கு 1998ஆம் ஆண்டு வேறொரு செய்தியைச் சொல்கின்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இந்திய அணியின் தலைவர் தன்ராஜ் பிள்ளை. இவர் புனேயை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முறிந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டி ஆடியே இவரும் உடன்பிறந்தோரும் இவ்விளையாட்டைக் கற்றனர். தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியும் பேசி வளர்ந்தவர் ஒருவர் நாட்டின் அணித்தலைவர் ஆனார் என்பதை இப்பாடத்தைப் படிப்போர் இங்கே சற்று நின்று நினைத்துக்கொள்ளலாம்.

இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை இந்தியா பெனால்டி அடிகளில் வென்றது. இலக்குக் காவலர் ஆஷிஷ் பல்லால் எதிரணியின் அடிகளைத் தடுத்து வெற்றிக்கு வழிவகுத்தார். 1966இல் இதே பாங்காக்கில் பெற்ற தங்கத்திற்குப் பின், 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. பயிற்றுநர் எம்.கே. கௌசிக், 1980இல் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியில் ஆடியவர்.

தங்கத்தோடு திரும்பியவர்களுக்கு நேர்ந்தது வியப்பானது. தன்ராஜும் பல்லாலும் உள்ளிட்ட வீரர்கள் சிலர், ஓய்வு என்னும் பெயரில் அடுத்த தொடரிலிருந்து விலக்கப்பட்டனர். கௌசிக்கும் பதவியை இழந்தார். வீரர்கள் தங்களுக்குரிய ஊதியத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியதே இதற்குக் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஓய்வு கேட்காதவர்க்கு ஓய்வு அளிப்பது விந்தையான கொடை! 2002இல் கௌசிக் துரோணாச்சாரியார் விருது பெற்றார். அதே ஆண்டில்தான் டிசௌசா நீக்கப்பட்டார்.

அடுத்த ஆசியத் தங்கம் 2014இல் இஞ்சியோனில் கிடைத்தது. அப்போதைய பயிற்றுநர் ஆஸ்திரேலியரான டெர்ரி வால்ஷ், சில வாரங்களிலேயே கருத்து வேறுபாட்டால் பதவி விலகினார். அவருக்குப்பின் 2015இல் வந்த நெதர்லாந்துக்காரர் பால் வான் ஆஸ் அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டார்.

இச்செய்திகளில் வரும் வினைகளை உற்று நோக்குக. வால்ஷ் விலகினார், இது தன்வினை. முடிவு அவருடையது. சம்மேளனம் வான் ஆஸை விலக்கியது, இது பிறவினை. வான் ஆஸ் விலக்கப்பட்டார், இது செயப்பாட்டுவினை. இம்மூன்றாம் வடிவில் விலக்கியவர் யார் என்பதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். செய்தித்தாள்களில் இவ்வடிவே மிகுதியாக வருவதைக் காணலாம்.

அருஞ்சொற்பொருள்
சம்மேளனம் – விளையாட்டை நடத்தும் கூட்டமைப்பு
தண்டு – படை தங்கும் இடம்
இலக்குக் காவலர் – கோல் விழாமல் காப்பவர்

பயிற்சி
1. நீங்கு, திருந்து, அடங்கு ஆகியவற்றின் பிறவினை வடிவங்களை எழுதுக.
2. ‘டிசௌசா நீக்கப்பட்டார்’ என்பதைச் செய்வினையாக மாற்றுக. மாற்றும்போது புதிதாகச் சேர்க்க நேர்ந்த சொல் எது?
3. கௌசிக்கின் நீக்கமும் டிசௌசாவின் நீக்கமும் எவ்வகையில் வேறுபட்டவை? ஐந்து வரிகளில் எழுதுக.
4. போட்டியின் நடுவில் பயிற்றுநரை மாற்றலாமா? வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் தமிழில் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னவாறே எழுதி வருக.